நாலு நிமிடம் முந்திய மணி

அத்தியாயம் – 6

மாதா கோயில் மணி அடித்ததும் பள்ளி லேபில் இருந்த நாற்பது கம்ப்யூட்டர் திரைகளும் ஒன்றாக இருண்டன.

"கரெண்ட் போயிடுச்சா?" என்றாள் ஆஃப்ரின்.

"ஃபேன் ஓடுது பாரு. எந்திரிச்சு நில்லு," என்றார் இருதயநாதன்.

ப்ளஸ் டூ மாணவிகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். முன்வரிசைப் பெண் செபத்தை ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பிள்ளைகளின் நெற்றியில் விபூதி இருந்தது. அவர்களுக்கும் ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாக இருந்தது. இருதயநாதன் மட்டும் உதட்டை அசைக்காமல் நின்றார். மனைவியைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கும் செபத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முப்பத்தைந்து வருஷம் போலீஸில் கால் தேய்ந்து, ரிட்டையர் ஆன கையோடு புத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியவர் அவர். மாட்டிய உற்சாகமெல்லாம் அந்த மாடிப்படியை ஏறி இறங்கியதிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது முழங்கால் வலியும், உதவியாளர் ஆஃப்ரினும்தான். கம்ப்யூட்டர் படிப்பு முடித்த இருபத்தேழு வயதுக்காரி. வாய் சும்மா இருக்காது.

செபம் முடிந்தது. திரைகள் விழித்துக்கொண்டன. பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார்கள். ஆஃப்ரின் கைபேசியைப் பார்த்தாள்.

"சார், இன்னும் பன்னெண்டே ஆகலை. இப்பதான் பதினொண்ணு அம்பத்தொம்பது. அப்ப மணி அடிச்சது அம்பத்தாறுக்கு."

"அது எங்க அற்புதசாமி ஐயா அடிக்கிற மணிங்க," என்றார் கம்ப்யூட்டர் ஆசிரியை டெல்பின். "முப்பது வருஷத்துக்கு முந்தி இந்தக் கோயில்ல இருந்த பங்குச்சாமியார், லேட்டா அடிக்கிறேன்னு அவரைத் திட்டினாராம். அன்னைக்கு ஐயா வாட்சை நாலு நிமிஷம் கூட்டி வெச்சார். சாமி மாற்றலாகிப் போயிட்டார். வாட்ச் அப்படியே இருக்கு."

"எங்க தெருப் பள்ளிவாசல்ல பாங்கு ஒரு நிமிஷம் முந்திட்டாலே கமிட்டி கூடிடும். உங்க ஆளுங்க பொறுமைசாலிங்க டீச்சர்."

"நானும் முதல்ல சரியாப் பன்னெண்டுக்குத்தான் எழுதி வெச்சேன். மணி அடிச்சதும் பிள்ளைங்க எந்திரிச்சுடும், ஸ்கிரீன் நாலு நிமிஷம் கழிச்சு அணையும். வயசானவர்கிட்ட போய் வாட்சை மாத்துங்கன்னு சொல்ல மனசு வரலை. மெஷினை மாத்திட்டேன்."

"தினமும் மூணு நிமிஷமா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள் ஆஃப்ரின்.

"ஆமாங்க்கா. ஈஸ்டருக்கு அப்புறம் கொஞ்ச நாள் மட்டும் செபம் சின்னதா இருக்கும். அப்ப ரெண்டு."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பாலக்கரைப் பக்கமிருக்கும் இந்தப் பெண்கள் பள்ளியில் டெல்பினுக்குப் பதினாறு வருஷ வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாமென்று கழித்துப்போட்ட நாற்பது மெஷின்களை வாங்கி வந்து, தூசி தட்டி, இந்த லேபை உண்டாக்கியவர் அவர். ஒரு மெஷினுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மூலையில் இருக்கும் ஒரே ஒரு சர்வர்தான் நாற்பதுக்கும் மூளை. அதில் ஓடுவது லினக்ஸ், அதாவது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். செய்தவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அதன்மேல் தமிழில் பாடம், பயிற்சி, டீச்சர் மேஜையிலிருந்தே வகுப்பை நடத்தும் வசதி எல்லாவற்றையும் ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருந்தார் டெல்பின். கொள்ளிடம் என்று பெயரும் வைத்திருந்தார்.

போன மாதம் அறிவுக்கோட்டை சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் மேனேஜர் அரவிந்தன், தங்கள் சரக்கை விற்க இந்தப் பள்ளிக்கு வந்தார். லேபைச் சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனார் என்று பியூன் சொன்னான். அடுத்த வாரம் பள்ளிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் மென்பொருளை உங்கள் ஆசிரியை திருடி ஓட்டுகிறார் என்றது நோட்டீஸ். அதில் நாலாவது பாயிண்ட்தான் மிகவும் கெட்டது: 'நண்பகலில் மூன்று நிமிடம் திரைகளை நிறுத்தி சர்வரைக் குளிர்விக்கும் முறை எங்கள் பொறியாளர்களின் கண்டுபிடிப்பு. அதுவும் அப்படியே நகலெடுக்கப்பட்டுள்ளது.'

"அது செபத்துக்குன்னு சொன்னேன். மாட்டிக்கிட்டதும் செபம்னு சொல்றாங்கன்னு அந்த ஆள் சிரிக்கிறார்," என்றார் டெல்பின். "என் பழைய டிஸ்க் போன நவம்பர்ல எரிஞ்சு போச்சுங்க. புதுசுல எல்லாத் தேதியும் அதுக்கப்புறம்தான். அவங்க ஸ்ரீரங்கத்துல ஒரு ஸ்கூல்ல ரெண்டு வருஷம் முந்தியே போட்டுட்டாங்க. பார்க்கிறவங்களுக்கு யார் முந்தி, யார் பிந்தி?"

"நெட்ல ஏத்தி வெச்சிருந்தா ஊரே சாட்சி சொல்லியிருக்கும் டீச்சர்," என்றாள் ஆஃப்ரின்.

"இந்த ஸ்கூல் நெட்ல ஒரு போட்டோ ஏத்தவே அரை நாள் ஆகும்மா. பென் டிரைவ்ல போட்டுக் கையில கொடுத்தேன். போன்ல சொன்னேனே, அந்தத் தொட்டியம் டீச்சர்ஸ் கேம்ப்ல. அறுபது பேருக்கு."

தொட்டியத்துக்கும் முந்தாநாள் போய்வந்தாயிற்று. வாழைத்தோப்புகளுக்கு நடுவே வெயிலில் நடந்து, அறுபது பேரில் பதினோரு பேரைப் பிடித்தார்கள். பென் டிரைவ் எல்லாரிடமும் பத்திரமாக இருந்தது. உள்ளே கல்யாண ஆல்பமும் வளைகாப்பு வீடியோவும் இருந்தன. கொள்ளிடம் எதிலும் இல்லை; அதில் என்ன இருந்தது என்பதும் யாருக்கும் நினைவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிர்வாகக் கூட்டம். டெல்பினை நீக்கும் கடிதம் டைப் ஆகித் தலைமையாசிரியை சிஸ்டர் ஜென்சியின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"வேலை போறதுகூட இருக்கட்டுங்க," என்றார் டெல்பின். "என் மக இதே ஸ்கூல்ல ஒன்பதாவது படிக்கிறா. திருடி மகன்னு நாலு பேர் சொல்ல அவ இந்த கேட்டுக்குள்ள வரணும். அதை நினைச்சாத்தான் தூக்கம் வரலை."

இந்த மாதிரி முகங்களை இருதயநாதன் நிறையப் பார்த்துவிட்டார். பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருக்க வேண்டும். ஆகவில்லை, அதுதான் தொல்லை.

புத்தூர் அலுவலகத்துக்குத் திரும்பியதும் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார்.

"அவன் சரக்கைத் திறந்து பார்த்தா டீச்சர் எழுதினது அப்படியே இருக்கும் இல்ல?"

"திறக்க முடியாது சார். அதுதானே அவங்க வியாபாரம். டீச்சர் செஞ்சது திறந்த வீடு. அந்த ஆள் உள்ள போய், பாயை விரிச்சுப் படுத்து, உள்பக்கமாத் தாழ்ப்பாளும் போட்டுக்கிட்டார்."

"நேரம் மட்டும் வெளியில தெரியுமே. அங்கேயும் அம்பத்தாறுக்கு அணைஞ்சா?" அவர் போனை எடுத்தார். "கூலிங்னா பன்னெண்டுன்னு வைப்பான், பன்னெண்டே காலுன்னு வைப்பான். எவனாவது அம்பத்தாறுன்னு வைப்பானா?"

"சார், போன் வேண்டாம். நேர்ல போய்ப் பார்க்கலாம்."

பஸ் ஏறி இறங்கச் சோம்பலாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான். தனியார் பள்ளித் தலைமையாசிரியர் என்று சொல்லிக்கொண்டு அரவிந்தனைக் கூப்பிட்டார். லேபின் விவரமெல்லாம் விசாரித்துவிட்டு, நடுவில் சாதாரணமாகக் கேட்பதுபோல், "அந்தக் கூலிங் எத்தனை மணிக்குங்க? கரெக்டா பன்னெண்டுக்கா, கொஞ்சம் முந்தியா?" என்றார்.

"நீங்க எந்த ஸ்கூல்னு சொன்னீங்க?" என்றார் அரவிந்தன். பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

ஆஃப்ரின் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பேசாமல் இருப்பதுதான் மிகப் பெரிய திட்டு என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார்கள். காவிரிப் பாலம் தாண்டவே இருபது நிமிடம் ஆயிற்று. திருவானைக்காவலில் ஒரு மினி லாரி திரும்ப முடியாமல் நின்றுகொண்டு, முன்னாலும் போகவிடாமல் பின்னாலும் போகவிடாமல் ஊரை நிறுத்தியிருந்தது. நின்றபடியே வந்த இருதயநாதனுக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

"உட்காருங்க சார், அந்த அம்மா இறங்குறாங்க."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது."

ஸ்ரீரங்கம் வகுளபூஷண வித்யாலயாவின் கம்ப்யூட்டர் லேபுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை பத்மாசனி, கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"வாங்கோ. கம்பெனிலேருந்தா? ரெண்டு வருஷமா கம்ப்ளைண்ட் எழுதறேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"கம்பெனி இல்லைங்கம்மா," என்ற இருதயநாதன், யாருக்காக வந்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். நேற்று நடித்ததே போதும் போதும் என்றிருந்தது. "உங்க ஸ்கிரீன் எல்லாம் மத்தியானம் தானா அணையுமாமே, அதைப் பார்க்கணும்."

"ஆமாம், நித்யம் அணையும். சர்வருக்கு உஷ்ணம் தணியறதாம். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. உக்காருங்கோ."

மூன்று பேரும் கண் கொட்டாமல் திரைகளைப் பார்த்தார்கள். ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து. ஆஃப்ரின் கைபேசியில் வீடியோ எடுக்கத் தயாரானாள்.

ஐம்பத்தாறு ஆயிற்று. திரைகள் அணையவில்லை. முன்வரிசைக் கம்ப்யூட்டரில் ஒரு படகு ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்குத் தாண்டியது.

"அதிசயமா இருக்கே," என்றார் பத்மாசனி. "நேத்து சாயந்தரம் அந்த அரவிந்தன் போன் பண்ணி, ஏதோ அப்டேட் போடறேன், சர்வரை அணைக்காதீங்கோன்னான். அதுவா இருக்குமோ?"

இருதயநாதன் கண்களை மூடிக்கொண்டார். நேற்று நாலு அடி நடக்கச் சோம்பல்பட்டு ஒரு போன் போட்டதற்கு, ஒரு பெண்ணின் ஒரே சாட்சி துடைத்துப் போய்விட்டது. இத்தனை வருஷம் போலீஸில் இருந்தவன் செய்கிற காரியமா இது. வீட்டுக்குப் போய் போர்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தார்.

"சார்," என்று ஆஃப்ரின் அவர் முழங்கையைத் தொட்டாள். "சார், கண்ணைத் திறங்க."

பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, மணி அடிக்கவில்லை, திரையும் அணையவில்லை. மவுஸை விட்டுவிட்டு நாற்பது பேரும் தாமாகவே எழுந்து, கை கூப்பி, ஒரே குரலில் பாசுரம் சேவிக்க ஆரம்பித்தார்கள். சிலர் மட்டும் அணையாத திரையைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டே சேவித்தார்கள். முடிந்ததும் உட்கார்ந்தார்கள். ஆஃப்ரின் வீடியோவை நிறுத்தினாள். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி ஆகியிருந்தது.

"வந்த புதுசுல அணைஞ்ச உடனே ஒரே கூச்சல் போடும்," என்றார் பத்மாசனி. "சும்மா போற நேரத்துல பெருமாளை நினைச்சாத்தான் என்னன்னு நான்தான் பழக்கினேன். மூணு நிமிஷத்துக்கு அளந்து ஒரு பாசுரம். அளவு தப்பினா கஷ்டம் பாருங்கோ, பாதியில ஸ்கிரீன் வந்துட்டா குழந்தைகள் மனசு அங்க போயிடறது. அப்படியும் நடுவுல ஒருதரம் மாட்டிண்டேன்."

"என்ன ஆச்சு?"

"போன வருஷம் ஒரு நாள் ரெண்டு நிமிஷத்துலயே ஸ்கிரீன் வந்துடுத்து. மறுநாளும் அப்படியே. கம்பெனில கேட்டா, வெயில் காலத்துல ரெண்டு நிமிஷமே போறும்னான். சரின்னு அந்த நாளுக்கெல்லாம் சின்னப் பாசுரமா மாத்திண்டேன். அப்புறம் திடீர்னு மறுபடி மூணு."

ஆஃப்ரின் நெற்றியைச் சுருக்கினாள். "அக்னி நட்சத்திரத்துல நான் மூணு வேளை குளிக்கிறேன். இந்த சர்வருக்கு மட்டும் வெயில் ஏற ஏறக் குளியல் குறையுதா?"

இருதயநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் வலி மறந்துவிட்டது. "அம்மா, எந்தத் தேதியில மாறிச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"ஞாபகம் எதுக்கு? எழுதியிருக்கே." பத்மாசனி அலமாரியிலிருந்து லேப் ரெஜிஸ்டரை எடுத்தார். நீல மையில் நாள் தவறாமல் எழுதியிருந்தது: '11.56. திரை அணைந்தது. 3 நிமி.' ஒவ்வொரு நாளுக்கும் கீழே கையெழுத்து, வாரத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் கையெழுத்தும் சீலும். "எங்காத்துல எல்லாத்துக்கும் நாழிகை பார்க்கற வழக்கம். எழுதாம இருந்தா எனக்குச் சாதம் இறங்காது."

இருதயநாதன் விரலால் தடவிக்கொண்டே போனார். போன வருஷம் ஏப்ரல் இருபத்தொன்று, திங்கள்: '2 நிமி.' ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமும் இரண்டு. ஜூன் ஒன்பதிலிருந்து மறுபடி மூன்று. இந்த வருஷம் ஏப்ரல் ஆறு, திங்கள்: '2 நிமி.' ஜூனில் திறந்த அன்றே மூன்று.

"ஆஃப்ரின், போன வருஷம் ஈஸ்டர் என்னைக்குன்னு பாரு."

"ஏப்ரல் இருபது சார். ஞாயிறு."

"இந்த வருஷம்?"

"ஏப்ரல் அஞ்சு." அவள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். நேற்று லேபில் அந்தப் பெண் சொன்னது அவளுக்கும் இப்போதுதான் உறைத்தது. "ஈஸ்டருக்கு அப்புறம் கொஞ்ச நாள் சின்ன செபம்."

"ஈஸ்டர் மறுநாள் தொடங்கி, ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே திருநாளோட முடியும். போன வருஷம் அது ஜூன் எட்டு." அவர் ரெஜிஸ்டரை மூடினார். சின்ன வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்த நாட்களுக்குப் பிறகு இந்தக் கணக்கை அவர் போட்டதே இல்லை. "அம்மா, இதைச் சாயந்தரம் வரைக்கும் கொடுப்பீங்களா?"

பத்மாசனி யோசித்தார். "லேப் ரெஜிஸ்டரை வெளியில கொடுக்கப்படாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த டீச்சரைத் திருடின்னா சொல்றா?"

"மூணு மணிக்கு முடிவு பண்ணப் போறாங்க."

"அப்படின்னா நானே எடுத்துண்டு வரேன். ஆட்டோ கூப்பிடுங்கோ."

சிஸ்டர் ஜென்சியின் அறையில் ஆறு நாற்காலிகள். டெல்பின் சுவர் ஓரமாக, நிற்கச் சொல்லாமலேயே நின்றுகொண்டிருந்தார். அரவிந்தன் கழுத்துப்பட்டையோடு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முகத்தில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"நண்பகல் கூலிங் உங்க கண்டுபிடிப்பு, இல்லைங்களா?" என்றார் இருதயநாதன். மெதுவாகத்தான் கேட்டார். உரக்கப் பேசத் தெம்பில்லை.

"நோட்டீஸ்லயே இருக்கு."

"அவ்வளவு பெருமையான கண்டுபிடிப்பை நேத்து சாயங்காலம் ஏன் எடுத்தீங்க?"

அரவிந்தன் பத்மாசனியைப் பார்த்தார். அப்போதுதான் அந்த அம்மா யாரென்று புரிந்திருக்க வேண்டும். "அது... புது வெர்ஷன்ல தேவைப்படலை."

"சரி. அதுக்கு முந்தி, வெயில் காலத்துல மூணு நிமிஷம் ரெண்டாச்சே, எதனால?"

"சென்சார் இருக்கு. சூட்டைப் பொறுத்துத் தானா மாறும்."

"அப்படியா." இருதயநாதன் ரெஜிஸ்டரைச் சிஸ்டரின் முன்னால் வைத்தார். அடையாளம் வைத்த பக்கங்களைத் திறந்து காட்டினார்.

சிஸ்டர் ஜென்சி படித்தார். ஏப்ரல் இருபத்தொன்று என்ற இடத்தில் விரல் நின்றது. பக்கத்தைப் புரட்டினார். ஜூன் ஒன்பது. இன்னும் புரட்டினார். ஏப்ரல் ஆறு. நாற்பது வருஷம் மடத்தில் இருப்பவருக்கு எந்த நாட்காட்டியும் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, அரவிந்தனை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, உங்க சர்வர் எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தது?"

"புரியலைங்க சிஸ்டர்."

"ஈஸ்டர் பாஸ்கா காலம் தவறாம அனுசரிக்குதே. அதுவும் எங்க அற்புதசாமி வாட்சுப்படி. அதான் கேட்டேன்."

அரவிந்தன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அவர் மோசமான ஆள்கூட இல்லை என்று இருதயநாதனுக்குத் தோன்றியது. தளர்ந்த தோளும் ரப்பர் தேய்ந்த ஷூவுமாக, அவரும் அலைந்து களைத்தவராகத்தான் தெரிந்தார்.

"தொட்டியம் கேம்ப்ல நான்தான் ப்ரொஜெக்டர் போட்டேன்," என்றார் அரவிந்தன், தரையைப் பார்த்தபடி. "எனக்கும் ஒரு பென் டிரைவ் கொடுத்தாங்க. அதை வெச்சுத்தான் கம்பெனியே ஆரம்பிச்சேன். போன மாசம் இங்க விற்க வந்தப்பதான் இவங்க லேப்னு தெரிஞ்சுது. இவங்க வெளியில சொல்றதுக்கு முந்தி நாம சொல்லிடணும்னு பயந்துட்டேன்."

"அந்த மூணு நிமிஷத்தை அப்பவே எடுத்திருக்கலாமே?" என்றாள் ஆஃப்ரின்.

"அந்த நாலு வரி எதுக்குன்னே புரியலைங்க. எடுத்தா மொத்தமும் நின்னுடுமோன்னு தொடலை. கேட்கிறவங்களுக்குக் கூலிங்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

"அவங்க பேர் இருந்த வரி மட்டும் நல்லாப் புரிஞ்சுதாக்கும்."

சிஸ்டர் ஜென்சி, டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பதினாறு வருஷம் பார்த்த ஒருத்தியை ஒரு நோட்டீஸுக்காகச் சந்தேகப்பட்ட வெட்கம் கிழித்த வேகத்தில் இருந்தது.

"போலீஸுக்குப் போறதா இருந்தா நான் கூட வரேன் டெல்பின்," என்றார்.

டெல்பின் சுவரைவிட்டு நகர்ந்து வந்தார். இரண்டு வாரமாகக் கட்டிவைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளாமலே பேசினார்.

"எடுத்துக்கிட்டதுக்கு எனக்கு வருத்தமே இல்லைங்க. எடுத்துக்கத்தான் கொடுத்தேன். நீங்க அதை வெச்சுப் பிழைச்சிருந்தாக்கூட சந்தோஷம்தான். கொடுத்தவ வாசலுக்கே வந்து திருடின்னு சொன்னீங்களே, அது எப்படிங்க முடிஞ்சுது?"

அரவிந்தனுக்குக் கண் நிமிரவில்லை. "நோட்டீஸை வாங்கிக்கிறேன் டீச்சர். பேரைப் போட்டுடுறேன்."

"எழுதிக் கொடுங்க. ஸ்ரீரங்கத்து சர்வரோட பூட்டையும் இன்னைக்கே திறந்து விடுங்க. அந்த டீச்சர் ரெண்டு வருஷமா கம்ப்ளைண்ட் எழுதியிருக்காங்க. திறந்திருந்தா அவங்களே சரி பண்ணியிருப்பாங்க."

"நானா?" என்றார் பத்மாசனி.

"நீங்கதான். நான் சொல்லித் தரேன்."

அரவிந்தன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் லேபுக்கு வந்தார்கள். டெல்பின் தன் மேஜையில் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்து சர்வருக்குள் போனார். தான் எழுதியதைத் தானே திறந்து பார்க்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பத்மாசனி, ஒவ்வொன்றையும் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

"அந்த மூணு நிமிஷம் திரும்பி வருமோ?" என்று கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "குழந்தைகள் தவிச்சுப் போயிடும்."

"வரும் டீச்சர். இந்த இடத்துல நேரத்தைப் போடணும். எங்க ஊர் மணிக்கணக்கு உங்களுக்கு எதுக்கு? சரியாப் பன்னெண்டுன்னு வெச்சுடட்டுமா?"

பத்மாசனி யோசிக்கவே இல்லை. "வேண்டாம். அம்பத்தாறே இருக்கட்டும். அதுக்குத்தான் எழுந்து பழகிடுத்து."

"ஈஸ்டருக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமே?"

"ஆகட்டுமே. சின்னப் பாசுரம்தான் இருக்கே."

டெல்பின் சிரித்தார். இரண்டு நாளில் இருதயநாதன் அதை முதல்முறையாகப் பார்த்தார். கீபோர்டை அவர் பத்மாசனியின் பக்கம் நகர்த்த, பத்மாசனி ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

அவர்களை அப்படியே விட்டுவிட்டு இருதயநாதனும் ஆஃப்ரினும் படியிறங்கினார்கள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, கேட்டுக்கு வெளியே கால் வைத்தபோது கோயில் மணி அடித்தது. சாயங்கால மணி. ஆஃப்ரின் கைபேசியைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்தாறு.

இருதயநாதன் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"முழங்கால் வலிக்குது. கொஞ்சம் நிக்கிறேன், நீ போ."

ஆஃப்ரின் அவர் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்த கிண்டலை அன்றைக்கு முதல்முறையாக விழுங்கினாள். "நான் எதிர்க்கடையில டீ சொல்றேன் சார்," என்றாள். "மூணு நிமிஷம் கழிச்சுப் போடச் சொல்றேன்."